ஒரே வரி, இரண்டு முறை

சனிக்கிழமை இரவு பத்தே முக்காலுக்குக்
கடைசிப் பார்சலை ஒரு கோழிக்கூண்டுக்குள் வைத்து
படமெடுத்து அனுப்பினேன்: ஒப்படைக்கப்பட்டது.
ஜூன் மாதம், வெளிச்சம் இன்னும் போகவில்லை.
கோழி ஒன்று ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தது.

நூற்றுப் பதினான்கு வீடுகள்.
லூயிஸ் தீவில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே
கறுத்த சதுப்பும் காற்றும்தான்.
வாசலுக்குத் தொண்ணூறு நொடி என்று
கிளாஸ்கோவில் எவரோ கணக்குப் போட்டிருக்கிறார்.
இந்தக் காற்றில் ஒருநாளும்
அவர் வேன் கதவைத் திறந்து பார்த்ததில்லை.

பன்னிரண்டு அடிப்பதற்குள் கருவியைச் சார்ஜரில் செருகினேன்.
இங்கே ஞாயிறு என்பது விடுமுறையல்ல,
கடல் உள்வாங்குவதுபோல ஒன்று.
கொடியில் துணி இருக்காது.
எதிர்வீட்டு மர்டோ
புல்வெட்டும் இயந்திரத்தைத் தார்ப்பாயால் மூடிவிட்டான்.
நான் மட்டும் தூக்கத்திலும்
ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் கோயிலில், கடைசி பெஞ்சில்.
எங்களுக்கு ஆர்கன் கிடையாது, கிட்டார் கிடையாது.
ஒருவர் எழுந்து கேலிக்கில் வரியை எடுத்துக்கொடுப்பார்.
சபை வாங்கிக்கொள்ளும்,
ஆளுக்கொரு வளைவு, ஆளுக்கொரு வேகம்.
மந்தை குன்றைச் சுற்றிவருகிற மாதிரி
கடைசி ஆடு வந்து சேரும்வரை
வரி முடிந்ததாக ஆகாது.

நாலு அடிக்கு ஏழு நிமிடம்.
இந்நேரம் நாலு வீடு முடித்து
ஐந்தாவதின் மணியை அழுத்தியிருப்பேன் என்று
உம் வீட்டில் உட்கார்ந்தே, ஆண்டவரே,
எத்தனையோ முறை கணக்குப் பார்த்திருக்கிறேன்.

அன்று வரி எடுத்தவன் ரூரி.
சால்மன் பண்ணையில் முக்குளிப்பவன்,
வலைக்கூண்டின் கிழிசலை நீருக்கடியில் தைப்பவன்.
வீட்டில் பத்து நாள் வயதில் இரட்டைக் குழந்தைகள்,
முகத்தில் பத்து நாள் தூக்கமின்மை.
தண்ணீரைப் பற்றிய வரியை எடுத்தான்.
பாடி முடித்தோம்.
அடுத்ததற்குப் போகாமல்
அதே வரியை மறுபடியும் எடுத்தான்.

அவனுக்கே தெரிந்துவிட்டது, காது சிவந்தது.
யாரும் இருமவில்லை.
திரும்பிப் பார்க்கவுமில்லை.
முன்வரிசையில் வங்கிக்காரி டோலினா மூச்சிழுத்தாள்,
பிறகு எல்லோரும்.
முன்பு பாடவே இல்லை என்பதுபோல் பாடினார்கள்.

நான் உண்மையிலேயே முன்பு பாடியிருக்கவில்லை.
உதடு அசைந்தது,
மனம் பார்வஸ் திருப்பத்தில் நின்றுகொண்டு
அந்தப் பச்சைக் கதவுக்குப் பெட்டி கொடுத்தேனா
இல்லையா என்று குழம்பிக்கொண்டிருந்தது.
இரண்டாம் முறை
எல்லோரும் முடித்த பிறகும் ஒரு குரல்
தனியாக வந்துகொண்டிருந்தது, கரகரப்பாக,
எங்கும் போக வேண்டியிராததுபோல.
அது என்னுடையது என்று தெரிய
எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ரூரி காத்திருந்தான்.

திங்கட்கிழமை நூற்று இருபத்தொன்று.
அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை.
பாதி உண்ட ரொட்டி டாஷ்போர்டில் வழக்கம்போல் காய்ந்தது.
ஊய்க் போகும் ஒற்றைச் சாலையில்
டிராக்டருக்கு ஒதுங்கி நின்றேன்.
ஓட்டியவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்திப் போனார்.
போன பிறகும் கியர் போடத் தோன்றவில்லை.
சதுப்பில் பருத்திப்புல் வெள்ளையாகத் தலையாட்டியது.
ஆறு வருடமாக இந்த வழியில் போகிறேன்,
அது அங்கே இருப்பது எனக்குத் தெரியாது.

அறுபத்தெட்டாவது வீடு ரூரியுடையது.
டயப்பர் பெட்டி, கையெழுத்து அவசியம்.
இரு தோளிலும் இரு பிள்ளைகளோடு கதவைத் திறந்தவன்
கையெழுத்துப் போட வழியில்லாமல்
ஒன்றை என்னிடம் நீட்டினான்.
வாங்கிக்கொண்டேன்.
ஒரு ரொட்டித்துண்டின் கனம்கூட இல்லை.
மூச்சு விட்டது, நிறுத்தியது,
அடுத்த மூச்சை மறந்துவிட்டதோ என்று நான் பதறுகையில்
தன்பாட்டுக்கு மறுபடி எடுத்தது.
ரூரி கையெழுத்துப் போட்டு வெகுநேரம் ஆகியிருந்தது.

இடுப்பில் கருவி சிவப்பாகத் துடித்தது.
தாமதத்தின் காரணத்தைத் தெரிவு செய்க:
போக்குவரத்து. வானிலை. தவறான முகவரி. நாய்.
வேறு எதற்கும் அதில் இடமில்லை.

நாய் என்று அழுத்தினேன், ஆண்டவரே.
அதை மட்டும் மன்னியும்.